இரண்டு இட்லிக்கு ஒரு டம்ளர்

கிறிஸ்துமஸ் வைனுக்கு எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பன்னீர் திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையால் பிசைந்து, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து, ஜாடியின் வாயைத் துணியால் கட்டிவைப்பேன். மாதா கோயில் சாமியாரே இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. கால் விரல் ஒன்றை எடுத்த பிறகு, டாக்டர் சொன்னபடி எல்லாவற்றையும் விட்டார். வெல்லம், பலாப்பழம், பொங்கல் எல்லாம் போயிற்று. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் வைனும் கிடையாது என்றோம். ஊரே வந்து குடிக்க, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அதனால் போன வருஷம் அவருக்கென்று ஒரு ஜாடி தனியாகப் போட்டேன். தித்திப்பு அடங்கும்வரை ஊறவிட்டேன். வடிகட்டிய பிறகு எப்போதும் சேர்க்கும் சர்க்கரையை அதில் சேர்க்கவில்லை.

மருமகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். எந்தச் சாப்பாட்டில் எத்தனை கலோரி என்று அங்கே பலகையில் எழுதிப்போடுவது அவள்தான். அவளிடம் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

"நாக்குல வச்சுப் பாரு. தித்திப்பே இல்ல. சக்கரை எல்லாம் போயிடுச்சு."

"எங்க அத்தை போவும்? சக்கரைதான் சாராயமா மாறிக்குது. அதுக்கும் கலோரி உண்டு. சக்கரை ஒரு கிராமுக்கு நாலுன்னா, சாராயம் ஒரு கிராமுக்கு ஏழு."

எத்தனை கிலோ பழம், எவ்வளவு சர்க்கரை, எத்தனை டம்ளர் வந்தது என்று கேட்டாள். போனில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "குத்துமதிப்பா, ஒரு சின்ன டம்ளர் ரெண்டு இட்லிக்குச் சமம்" என்றாள்.

அவர் கட்டிலிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "அப்போ நாலு இட்லிய வுட்டா ரெண்டு டம்ளர். சரிதானே கணக்குப்புள்ள?"

அவள் சிரித்துவிட்டாள். "அன்னிக்கு ஒரு நாளு மட்டுந்தான் மாமா."

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் வழக்கம்போல, சர்க்கரையை இறக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நான் இட்லி எடுத்து வைக்க, தட்டைத் தள்ளிவிட்டார். இரண்டு டம்ளர் ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். "இன்னாமே, இந்த வருஷம் பிரமாதமா வந்துகீது" என்றார். என்னிடம் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான்.

சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். கேக் வெட்டினோம். அவருக்கு நெற்றியில் வியர்த்தது, கை நடுங்கிற்று, பேச்சு குழறிற்று. என் நாத்தனார் மகன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"பெருசு ரெண்டு கிளாஸுல கவுந்துடுச்சுப்பா! அத்தை, இன்னாதான் போட்ட அதுல?"

எல்லோரும் சிரித்தோம். என் கைப்பக்குவம் அப்படி என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஃபேனைப் போட்டு, தலையணை வைத்துப் படுக்கவைத்தோம். நன்றாகத் தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினேன்.

முதல் ஷிஃப்ட் முடிந்து மகன் வந்து எழுப்பினான். சட்டை பிழிய நனைந்திருந்தது. எழும்பவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகச் சர்க்கரை ஏற்றினார்கள். கண் திறக்கவில்லை. டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். "போதை இல்லம்மா இது. சக்கரை ரொம்ப எறங்கிடுச்சு. வைன்ல கலோரி இருக்கு, ஆனா இட்லி மாதிரி அது ரத்தத்துல சக்கரையா வராது. ஒடம்பு தானா பண்ணிக்கிற சக்கரையையும் ஏறவிடாது. மாத்திரை அது பாட்டுக்கு இறக்கிக்கிட்டே இருக்கும்."

புது வருஷம் பிறக்கும் முன் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து வந்ததும் நாத்தனார் ஆரம்பித்தாள். "படிச்ச மருமவ கணக்குப் போட்டே எங்க அண்ணன அனுப்பி வச்சுட்டா."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வாய்க்கு அந்தக் குறை இல்லை. "அவ போட்ட கணக்குல தப்பில்ல. அத வச்சு இட்லிய நிறுத்துனதுதான் தப்பு. ஜாடி என்னுது, ஊத்துனது நானு. எது கேக்கறதுன்னாலும் என்னாண்ட கேளு" என்றேன். நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆனால் மருமகள் தன்னைத்தானே கேட்டுக்கொள்வதை நான் எப்படி நிறுத்துவது? வேலைக்குப் போகிறாள், வருகிறாள். தட்டு முன்னால் உட்கார்ந்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது.

"ரெண்டு டம்ளர்னு மாமா கேட்டப்ப நான் சிரிச்சனே அத்தை."

"எல்லாருந்தான்மா சிரிச்சோம்" என்று சொல்லி, சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். சில நாள் சாப்பிடுகிறாள்.