ஐஸ் உருகுவதற்குள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கத்திரி வெயில் நாள். மயிலாப்பூர் சித்திரகுளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. எனக்குக் கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. படித்தது அஞ்சாம் வகுப்பு. வாசலுக்குத் தனியாகப் போகவே கூச்சப்படுவேன்.

என் வீட்டுக்காரர் ஒரு காலேஜில் ரசாயனப் பிரிவில் உதவியாளர். வேலை நிரந்தரமில்லை. சைக்கிள் விளக்குக்குப் போடுகிற கார்பைடு கல்லில் ஆரம்பித்து அன்னாசிப் பழ எசன்ஸ் செய்து காட்டுகிறேன் என்று பெரிய வாத்தியாரிடம் சொல்லிவிட்டார். லீவு முடிவதற்குள் காட்டினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்.

திட்டம் போடும்போது அவர் கடைசியிலிருந்துதான் ஆரம்பிப்பார். அன்னாசி வாசனை எதிலிருந்து வரும், அது எதிலிருந்து வரும் என்று பின்னாலேயே போய்க் கல்லில் வந்து நிற்பார். சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். கல்லில் தண்ணீர் விட்டால் வாயு. வாயுவிலிருந்து ஒரு திரவம். அதில் ஒரு பங்கு சாராயமாக வேண்டும், இன்னொரு பங்கு இரண்டு இரண்டாக ஒட்டி நீண்டு புளிப்பு அமிலமாக வேண்டும். கடைசியில் அந்த இரண்டும் சேர்ந்தால் அன்னாசி. நான் 'உம்' கொட்டுவேன்.

அந்தத் திரவத்தில்தான் வம்பு. புஸ்தகம் எழுதினவர் குளிர் தேசத்துக்காரர். அங்கே மேஜை மேலேயே இருக்குமாம். நம் ஊரில் கைச்சூட்டுக்கே கொதித்து ஆவியாகிவிடும், ஐஸில் புதைத்துத்தான் வைக்க வேண்டும். ஆவி நெருப்பைக் கண்டால் வீடே போய்விடும் என்றும் என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பல வாரமாகச் சேர்த்தது முழுக்க ஒரே கண்ணாடிக் குடுவையில் இருந்தது. திரும்பச் செய்ய நாளும் இல்லை, கல்லும் இல்லை.

அன்றைக்கு அடுத்த படிக்கு வேண்டிய மருந்து வாங்க அவர் பாரிஸ் கார்னர் போனார். "ஐஸ் சாயங்காலம் வரை தாங்கும், பார்த்துக்கோ" என்றார். மத்தியானத்துக்குள் அடுக்களையை ஒட்டின சாமான் அறையில் குடுவையைப் புதைத்திருந்த ஐஸ் வாளியில் பார்த்தால் தண்ணீர்தான் இருந்தது. குடுவைக்குள்ளே சின்னச் சின்னதாகக் குமிழி. நூலால் கட்டின கார்க்கு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஐஸ் வாங்க லஸ் பக்கம் ஓடினேன்.

அங்கே ஒரு சோடாக் கடைக்காரர் மரத்தூளுக்குள்ளிருந்து ஒரு பாளத்தை எடுத்தார். "கல்யாண வூடா?" என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்தேன். பாளத்தைத் தூக்கத்தான் முடியவில்லை. பக்கத்தில் நின்ற ரிக்‌ஷாக்காரர் தன் கோணியை எடுத்துச் சுற்றினார். "இன்னாம்மா, ஐஸுக்குக் காய்ச்சலா, இப்படிப் பார்த்துக்கினு நிக்கிறே? குந்து. நீ ரோசனை பண்ணிக்கினு இருந்தா தண்ணிதான் வூட்டுக்குப் போவும்."

ஏறி உட்கார்ந்தேன். அந்த வெயிலில் ரிக்‌ஷாவை இழுத்துக்கொண்டு ஓடினார். மடியெல்லாம் ஐஸ் தண்ணீர் சொட்டியது. கோணியை இன்னும் இறுக்கிச் சுற்றினேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அழுகின பழத்தில் காரம் ஏற்றின மாதிரி வாடை மூக்கில் அடித்தது. ரிக்‌ஷாக்காரர் பாளத்தை வாசலை ஒட்டின ரேழியில் இறக்கிவிட்டு, காதிலிருந்த பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார்.

"பத்த வைக்காதே!"

அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. தீப்பெட்டி கீழே விழுந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, மாமியார் பாலைச் சுண்ட வைத்துவிட்டுப் போன குமுட்டி அடுப்பு. அடுக்களையில் கரி இன்னும் சிவப்பாக இருக்கும்.

"ஐயா, அடுக்களையில் நெருப்பு. கொல்லைக்குத் தூக்கிப் போகணும்" என்றேன். அவர் இரண்டு அடி வைத்து அடுக்களை நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"நா உள்ள வர்லாமாம்மா?"

அந்த நாளில் எங்கள் அடுக்களைக்குள் வெளி ஆள் யாரும் கால் வைத்ததில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "வாங்க, சீக்கிரம்!" என்றேன். அடுப்பைக் கோணியால் பிடித்துத் தூக்கி, கொல்லைக் கதவு வழியாகக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினார். கையைச் சுட்டுக்கொண்டார். நான் ஜன்னலெல்லாம் திறந்து, ஐஸை உடைத்துக் குடுவையைச் சுற்றி அப்பினேன். குமிழி மெல்ல அடங்கியது. திரவம் கொஞ்சம் குறைந்திருந்தது. மிச்சம் நின்றது.

அவர் அடுக்களை வழியாகத் திரும்பி வரும்போது மாமியார் எதிரே வந்துவிட்டார். "யாருடி இவன், அடுப்பங்கரையில?" என்று ஒரே கூச்சல். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் வரச் சொன்னேன். இவர் இல்லேன்னா வீடு இருக்காது" என்றேன். மாமியார் என் முகத்தையே பார்த்தார். அதற்குள் ரிக்‌ஷாக்காரர், "அடுப்பு வெளிய கீது பெரிம்மா, பால் மட்டும் போச்சு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். கைக்கு எண்ணெயும் கூலிக்குக் காசும் எடுத்து வருவதற்குள் ரிக்‌ஷா தெருமுனை தாண்டிவிட்டது.

லீவு முடிவதற்குள் ஒரு சின்ன சீசாவில் அன்னாசி வாசனை வந்தது. வேலையும் நிலைத்தது. மாமியார் அடுக்களையை மூன்று தரம் கழுவிவிட்டார்.

இன்றைக்கும் என் வீட்டுக்கு வேலையாக வருகிற யாராவது நிலைப்படியில் தயங்கி நின்றால் எனக்குப் பதறுகிறது. உயிரைக் காப்பாற்ற வந்த மனிதர் உத்தரவு கேட்டு நின்ற அந்த ஒரு நொடிதான், நெருப்பைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது.