இளவரசி சாகாத ஊர்

எனக்கு நடவு வராது. வலங்கைமான் பக்கம் எட்டாம் வகுப்பு படித்துவிட்டு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரமே அது ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. நான் வைத்த நாற்றெல்லாம் தண்ணீரில் மிதந்தது. நடவாட்களுக்குத் தலைவியான என் மாமியார் அதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"நீ வரப்புல ஏறி நின்னு கதை படி. ஒம் பங்க நாங்க நட்டுடுறோம்."

கதை என்றால் தொடர்கதை. பண்ணை வீட்டு மருமகள், தான் படித்து முடித்த பத்திரிகையை வாராவாரம் மாட்டுக்கொட்டகைப் பக்கமாக என்னிடம் நீட்டுவாள். ஒரு இளவரசி, அவள் காதலிக்கும் படகோட்டி, பேசுகிற கழுகு. நான் சத்தமாக வாசிக்க, பெண்கள் சேற்றில் குனிந்தபடியே 'உம்' கொட்டுவார்கள். சண்டை வந்தால் நடவு பறக்கும். காதல் வந்தால் கைகள் அப்படியே நின்றுவிடும். அதனால் பண்ணைக் காரியஸ்தருக்குக் காதலே பிடிக்காது.

ஆட்சி மாறிய புதிது. நம்ம ஆட்சி வந்துவிட்டது என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. கூலி மட்டும் பழைய கூலிதான். அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு, பண்ணை வயலில் யாரும் இறங்குவதில்லை என்று முடிவாயிற்று. பத்திரிகையும் நின்றது. இளவரசி அப்போது நடு ஆற்றில், ஓட்டைப் படகில் இருந்தாள்.

அடுப்புகள் அணைந்தன. வேப்பமரத்தடியில் கூடினால் சோற்றுப் பேச்சுதான். "நாளைக்கு எறங்கிடலாமா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். ஒருத்தி இறங்கினால் எல்லோரும் இறங்கிவிடுவார்கள், கேட்ட கூலி அத்தோடு போச்சு. மாமியார் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏ புள்ள, ஆத்துல நின்னாளே அந்தப் பொண்ணு, என்ன ஆனா?"

"புத்தகம் இல்லியே அத்தை."

"இம்புட்டுப் படிச்சிருக்கல்ல, நீயே சொல்லு."

சொன்னேன். படகை முதலை கவ்வியதும், மிச்சம் நாளைக்கு என்று நிறுத்தினேன். மறுநாள் ஒருத்தி குறையாமல் வந்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஒருநாள் பெரிய எழுத்தாளர் மாதிரி படகோட்டியைக் கொன்றுவிட்டேன். மாமியார் அடிக்கவே வந்தார்.

"சாவு நம்ம தெருவுலயே இருக்கு. அதக் கேக்கவா இங்க வந்து குந்தியிருக்கோம்? எழுப்புடி அவன!"

கழுகு மூலிகையோடு பறந்துவந்து எழுப்பியது. இந்த மாதிரிக் கதைகளை ஜனங்கள் ஏன் விரும்புகிறார்கள் என்று யாராவது கேட்டால், எனக்கு இன்றும் அந்தக் கோபமான முகம்தான் நினைவுக்கு வரும்.

நாற்றங்காலில் நாற்று முற்றத் தொடங்கியதும், இன்னும் தள்ளினால் நடவுக்கு உதவாது என்று பண்ணை இறங்கி வந்தது. அரை மரக்கால் கிடைத்தது. நடவு தொடங்கிய அன்று பண்ணை மருமகள் பத்திரிகைக் கட்டோடு வயலுக்கே வந்துவிட்டாள். அந்த வீட்டுப் பெண்களை வரப்பில் யாரும் பார்த்ததில்லை. அவள் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"இதப் படிக்காத. ரெண்டு பேரும் ஆத்தோட போயிட்டாங்க. கதையே முடிஞ்சிபோச்சு."

சேற்றில் எல்லாக் கைகளும் நின்றன. மாமியார் நிமிர்ந்தார்.

"எங்க கதையில ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க சின்னம்மா. அவ இப்ப மாசமா இருக்கா."

காரியஸ்தர் தூரத்தில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணை மருமகள் அவரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். புடவையை வழித்துக்கொண்டு, எங்கள் கஞ்சிக் கலயங்களுக்குப் பக்கத்தில் ஈர வரப்பிலேயே உட்கார்ந்தாள்.

"எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள்.