புள்ளிகள் புரியாமல் போன வாரம்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணியை எனக்குப் பிடிக்காது. மழையில் கொழுந்து எடுக்கப் போன அம்மா செங்குத்துச் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, பார்த்து நடக்க வேண்டாமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனவர் அவர்.

அதற்குப் பிறகு பெண்கள் அவரைக் கோயில் மண்டபத்துக்கு வரவழைத்துப் பேசினார்கள். பேசுவதை எழுதிவைக்க என்னை உட்கார வைத்தார்கள். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கோலாலம்பூரில் படித்தபோது பார்வையற்றோர் சங்கத்தார் கொடுத்த பழைய பிரெயில் கருவி என்னிடம் இருக்கிறது. விசைகளை அழுத்தி எழுதினால், கீழே ஒரு பட்டையில் புள்ளிகள் எழும்பும். விரலால் தடவிப் படிக்கலாம். மழை நாளில் அந்தச் சரிவுக்கு யாரையும் அனுப்ப மாட்டேன் என்று கிராணி சொன்னார். எழுதிக்கொண்டேன்.

இரண்டே வாரம். விடாமல் மழை பெய்த ஒரு காலையில், அதே சரிவுக்குப் போக லோரியில் ஏறச் சொன்னார். நான் பிடிவாதம் பிடித்ததால், காலையில் ஆட்கள் கூடி நிற்கும் பெரட்டுக்கு அம்மா என்னை அழைத்துப் போனாள். அன்று சொன்னதை நான் நினைவுபடுத்தினேன்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லலா. இதுலயா இருக்கு? குடு பார்ப்போம்."

கருவியை என் கையிலிருந்து பிடுங்கி, விசைகளைக் கண்டபடி அமுக்கிவிட்டுத் திருப்பித் தந்தார். நான் தடவிப் பார்த்தபோது எல்லாம் உளறலாக இருந்தது. ஓர் எழுத்தும் எழுத்தாக இல்லை. யாரோ சிரித்தார்கள். மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. லோரி கிளம்பிப் போனது. கிராணியைவிட அவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

அம்மா, நமக்கு எதுக்கு வம்பு, விட்டுடு என்றாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. சங்கத்துக்குப் போன் செய்தேன். அனுப்பி வை, பார்த்துத் தர ஒரு மாதமாகும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கருவிக்குள்ளேயே இருக்கும் கையேட்டைத் திறந்தேன். இங்கிலீஷில் இருப்பதால் அதுவரை தொட்டதில்லை. அதிலே புள்ளிகள் சரியாகத்தான் வந்தன. ஆனால் யாரோ கண் தெரிந்தவர், கண் தெரிந்தவருக்கே எழுதிய கையேடு அது. படத்தில் காட்டியுள்ள பொத்தானை அழுத்தவும் என்றது. என்ன படம்? பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். கடைசிப் பகுதியில் இரண்டே வரி கிடைத்தது: எழுதியது திடீரென்று புரியாமல் போனால், பிரெயில் மொழி மாறியிருக்கலாம், இன்னின்ன விசைகளைச் சேர்த்து அழுத்தவும். அழுத்தினேன். தமிழ் வந்துவிட்டது. அந்த ஆள் எதையும் அழிக்கவில்லை, இங்கிலீஷுக்கு மாற்றித் தொலைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

மறுநாள் பெரட்டில், அவர் ஆட்களைப் பிரிக்க ஆரம்பிக்கும் முன்பே, மண்டபத்தில் எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். படித்து முடிப்பதற்குள், இந்தப் புள்ளியை வேறு யார் படிக்க முடியும், நீ வாய்க்கு வந்ததைச் சொல்லுவாய் என்றார்.

நான் அடுத்த வரியைப் படித்தேன். "'மழையில் அனுப்ப மாட்டேன், சரியா? வெளியில என் மோட்டார் சைக்கிள் நனையுது, சீக்கிரம் முடிங்க' என்றார்."

அது அச்சு அசலாக அவர் பேச்சு. இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. பக்கத்து வீட்டு அக்கா மெதுவாக, "சொன்னீங்க கிராணி. நானும் இருந்தேன்" என்றாள். பிறகு இன்னொருத்தி. யாரும் லோரியில் ஏறவில்லை. கடைசியில் அவர் அந்த வாக்கை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து மழை நாளில் யாரும் சரிவுக்குப் போவதில்லை. அந்த அக்கா மூன்று முறை வீட்டுக்கு வந்து, முதல் நாளே பேசியிருக்கணும் என்று வருத்தப்பட்டாள். பரவாயில்லை என்ற சொல் என் வாயிலிருந்து இன்னும் வரவில்லை.