கையேட்டில் நான் அழித்த வரிகள்

1. சென்னையிலிருந்து வந்த பட்டியல்

அந்தத் திங்கட்கிழமை காலை ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தபோது சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. கூடவே ஒரு பட்டியல். ஊழியர் கையேட்டிலும் வேலை விளம்பரங்களிலும் இனி இருக்கக் கூடாத வார்த்தைகள் அதில் இருந்தன. எல்லாத் தரப்பினருக்கும் இடம் என்று சொல்லும் 'டைவர்சிட்டி' முதலில். 'பெண்கள் விண்ணப்பிக்க வரவேற்கிறோம்' என்ற முழு வாக்கியமும் இருந்தது. இரண்டு நாளில் நீக்கிவிட்டுப் பதில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு தனியார் பயணிகள் படகு கம்பெனியில் ஊழியர் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆள் எடுப்பது, யாருக்கு எந்தப் படகு என்று ரோஸ்டர் போடுவது, லீவு கணக்கு, லைசென்ஸ் புதுப்பிப்பது எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். என் சாமர்த்தியத்தைச் சொல்ல அல்ல. நான் செய்த தவறு இது.

மெயிலைப் படித்துவிட்டுச் சென்னைக்குப் போன் போட்டேன். எங்கள் எச்.ஆர். தலைவியை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம்.

"மேடம், இந்த வரியெல்லாம் போட்டதே நீங்கதானே?"

"நான்தான் சண்முகம். இப்ப எடுக்கச் சொல்றதும் நான்தான்." பிறகு காரணத்தையும் சொன்னார். "நம்ம ஃபாரின் பார்ட்னர் இருக்காங்கல்ல, அவங்க ஊர்ல கவர்மென்ட் மாறியாச்சு. இந்த மாதிரி பாலிசி வெச்சிருக்கிற கம்பெனிக்கு கவர்மென்ட் கான்ட்ராக்ட் கிடைக்காதுன்னு பயப்படுறாங்க. அவங்க பங்கு வெச்சிருக்கிற எல்லா கம்பெனிக்கும் இதே லிஸ்ட்தான் போயிருக்கு."

"நம்ம ஊர்ல அந்தச் சட்டம் இல்லையே மேடம்?"

"எனக்குத் தெரியாதா? ஆளுங்களை ஒண்ணும் பண்ண வேண்டாம். வார்த்தையை மட்டும் எடுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

2. இரண்டு பேர் விதி

எங்கள் படகுகளில் சிராங்தான் தலைவர், படகை ஓட்டுகிறவர். அவருக்குக் கீழே லஸ்கர்கள். ஜெட்டி என்கிற படகுத்துறையில் கயிறு வீசிக் கட்டுவது, பயணிகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குவது, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது அவர்கள் வேலை. காலங்காலமாக ஆண்கள்தான் லஸ்கர். மேடம் போட்ட அந்த விளம்பர வரியைப் பார்த்துத்தான் முதல்முறையாக நான்கு பெண்கள் விண்ணப்பித்தார்கள். இரண்டு பேர் தேறினார்கள். ஒருத்தி யோகேஸ்வரி. இன்னொருத்தி பக்கத்து ஊரான வண்டூரைச் சேர்ந்த தெலுங்குப் பெண் லட்சுமி.

யோகேஸ்வரியின் தாத்தா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி, நிக்கோபாரில் கட்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர். அவள் கட்சலில் பிறந்து, கல்யாணமாகி, போர்ட் பிளேரில் புரோத்ராபூர் பகுதியில் இருந்தாள். முதல் வாரம் அவள் வீசிய கயிறு மூன்று தடவை தண்ணீரில் விழுந்தது. நான்காவது வாரம் சிராங்கே, "இஸ்கா ஹாத் பக்கா ஹை" என்று என்னிடம் சொன்னார். கை தேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மனிதர் யாரையும் லேசில் பாராட்ட மாட்டார்.

கையேட்டில் அவர்களுக்காக ஒரு விதி இருந்தது. வெளித்தீவில் தங்கும் பயணத்துக்கு ஒரு பெண் ஊழியரைத் தனியாக அனுப்பக் கூடாது. போனால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். இதை மேடம் எழுதவில்லை. ஆரம்பத்தில் யோகேஸ்வரியின் வீட்டுக்காரர் என்னைப் பார்க்க வந்தபோது அவரிடம் வாக்குக் கொடுத்து, நானே எழுதிச் சேர்த்தது.

பெண்களைத் தனியாகச் சொல்லும் விதி என்பதால், பட்டியல் வந்த அன்று அதையும் சேர்த்துத்தான் அழித்தேன். ஜெட்டி ஆபீஸில் 'பெண்கள் ஓய்வறை' என்ற போர்டை எடுத்துவிட்டு 'ஓய்வறை 2' என்று ஒட்டினேன். அறை அதே அறை. ரோஸ்டரில் இரண்டு பெண்களையும் எப்போதும்போல ஒன்றாகவே போட்டேன். ஒரு ஆளுக்கும் வேலை போகவில்லை. யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமை.

சில வார்த்தைகளை எடுக்கிறோம் என்று யோகேஸ்வரிக்கு மட்டும் சொன்னேன். அவள் போர்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீதா சொல்லுங்க சார், நேரா சொல்லுங்க. எங்களை எடுக்கப் போறாங்களா?"

"இல்லம்மா. வார்த்தை மட்டும்தான்."

"எங்கயோ இருக்கிற ஊர்க்காரங்களுக்கு, கட்சல் பொம்பளை இங்க கயிறு புடிச்சா என்னங்க சார் நட்டம்?"

"பெரிய இடத்து அரசியல்மா" என்றேன். அவள் லைஃப் ஜாக்கெட் கட்டைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போய்விட்டாள்.

3. ராங்கத் பயணம்

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு மெயின்லாண்டிலிருந்து பிரவீன் என்பவர் வந்தார். மரியாதையானவர், சுறுசுறுப்பானவர். மூன்று நாள் உட்கார்ந்து பொறுப்பை ஒப்படைத்தேன். லைசென்ஸ் தேதிகள், இன்ஷூரன்ஸ், சர்வே சர்டிபிகேட் என்று ஒன்று விடாமல் சொன்னேன். இரண்டு பேர் விதியைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். அது பல வருஷமாக என் கையிலேயே ஊறிப்போன பழக்கம். பழக்கத்தை ஒப்படைப்புப் பட்டியலில் எழுத யாருக்குத் தோன்றும்?

நான் விலகிய பிறகு கம்பெனி நடு அந்தமானில் இருக்கும் ராங்கத்துக்குப் புதுப் பயணம் ஆரம்பித்தது. இன்று போய், நாளை திரும்ப வேண்டும். ஊழியர்கள் அங்கே ஒரு லாட்ஜில் தங்க வேண்டும். லட்சுமி பிரசவ லீவில் இருந்தாள். பிரவீன் யோகேஸ்வரியை மட்டும் அந்தப் பயணத்தில் போட்டார். ஐந்து ஆண்கள், அவள் ஒருத்தி. லாட்ஜில் இரண்டே அறைகள்.

அவள் போகவில்லை. வேறு எந்தப் படகிலும் போகிறேன், இதில் மட்டும் முடியாது என்றாள். படகு ஒரு லஸ்கர் குறைவாகத்தான் கிளம்பியது. மறுநாளே விளக்கம் கேட்டு அவளுக்கு ஷோ காஸ் மெமோ. அதற்கடுத்த வாரம் விசாரணை என்று நோட்டீஸ்.

டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு அவள் வந்தாள். கூட வீட்டுக்காரரும் வந்திருந்தார். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். என்னிடம் வாக்கு வாங்கிப் போனவர் அல்லவா.

"சுட்டி போட்டேன்னு, லீவு எடுத்தேன்னு எழுதியிருக்காங்க சார். நான் சுட்டி போடலை. ஜெட்டியிலதான் நின்னேன்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஆபீஸுக்குப் போனேன். பிரவீன் எழுந்து நின்று நாற்காலி போட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. நடிப்பில்லை.

"சார், அப்படி ஒரு ரூல் இருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன். கையேட்டை ரெண்டு தடவை படிச்சேன். எங்க சார் எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அழித்தவன் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

4. விசாரணை

அவள் தரப்புச் சாட்சியாக வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே மேடம் போன் செய்தார்.

"சண்முகம், நீங்க ரிடையர் ஆனவர். உங்களுக்கு இது தேவையா? அந்த லிஸ்ட் விஷயம் வெளிய வந்தா பார்ட்னர்கிட்ட நான் என்ன சொல்றது? மெமோவை சின்ன வார்னிங்கோட முடிச்சிடலாம்."

"வார்னிங் அவ ஃபைல்ல நிக்கும் மேடம். தப்பு செஞ்சது அவ இல்லையே."

ஓய்வுக்குப் பிறகும் லைசென்ஸ் வேலைகளுக்கு ஆலோசகராக என்னை வைத்திருந்தார்கள். அது போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

விசாரணை அதிகாரி உள்ளூர் வக்கீல் ஒருவர். நான் பேசியது ஐந்து நிமிஷம்தான். "இந்த விதி இருந்தது. அதை எழுதினவனும் நான், அழிச்சவனும் நான். மேலிடத்துல வார்த்தையை எடுக்கச் சொன்னாங்க. விதியையும் சேர்த்து எடுத்தது என் முடிவு. புது மேனேஜர்கிட்ட சொல்லாம போனதும் நான்தான். இந்தப் பொண்ணு முன்னாடி கையேட்டுல இருந்த ஒரு உரிமையைத்தான் கேட்டிருக்கு."

யோகேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபம் இருந்தது என்று நினைக்கிறேன். இருந்திருக்க வேண்டும். விதியையே அழித்தேன் என்பதை அவளும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். வார்த்தை மட்டும்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தவன் நான்.

மெமோ திரும்பப் பெறப்பட்டது. பிரவீனே முயற்சி எடுத்து ஒரு புது வரியைக் கையேட்டில் சேர்த்தார்: 'வெளித்தீவில் தங்கும் பயணத்தில் எந்த ஊழியரும் அறையைப் பகிர ஏற்ற சக ஊழியர் இல்லாமல் அனுப்பப்பட மாட்டார்.' பட்டியலில் உள்ள ஒரு வார்த்தையும் அதில் இல்லை. சென்னையும் ஒப்புக்கொண்டது. என் ஆலோசகர் வேலை அந்த மாதத்தோடு நின்றது.

யோகேஸ்வரி அந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். "வேலைக்கு ஆகும் சார். ஆனா படிச்சா இது எங்களுக்குன்னு வெளங்காது."

5. கற்றுக்கொண்டது

அவள் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அதன் பிறகு கம்பெனி இரண்டு முறை லஸ்கர் வேலைக்கு விளம்பரம் கொடுத்தது. பெண்கள் வரக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. வரலாம் என்றும் இல்லை. ஒரு பெண்கூட விண்ணப்பிக்கவில்லை. பிரவீன் என்னிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். "யாரையும் நாம வேண்டாம்னு சொல்லலையே சார்?"

உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று நான் நினைத்தேன். அந்த வரிகள் முக்கியமாக வெளியே இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது நமக்கான வேலையா என்று யோசிக்கிற பெண்ணுக்கு நானோ பிரவீனோ நல்லவர்கள் என்று எப்படித் தெரியும்? எழுதியிருப்பதுதான் தெரியும்.

எங்கிருந்தோ ஓர் அரசியல் அழுத்தம் வரும். உங்கள் முதலாளிக்கு அதைத் தாங்கும் பலம் இல்லாமலும் போகலாம். அவர்களைக் குறை சொல்லி ஆகப்போவதில்லை. ஆனால் ஒரு வரியை அழிக்கச் சொன்னால், அந்த வரி யாருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் அதனால் பயன்பெறுகிறவர்களையே கேளுங்கள். நான் கேட்கவில்லை. என் நல்ல மனசு போதும் என்று நம்பினேன். அது என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது.

லட்சுமி வேலைக்குத் திரும்பிவிட்டாள். லீவு நாட்களில் அவளும் யோகேஸ்வரியும் வண்டூரில் வீடு வீடாகப் போய், லஸ்கர் வேலைக்குப் பெண்களும் எழுதிப் போடலாம் என்று சொல்லி வருகிறார்கள். பஸ் செலவு அவர்களுடையது. போன வாரம் இரண்டு பெண்கள் சம்மதித்திருக்கிறார்கள். விண்ணப்பம் எழுத நான் உட்கார்ந்து உதவினேன். கம்பெனி ஒரே வரியில் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது லட்சுமியும் யோகேஸ்வரியும் வெயிலில் நடந்து செய்கிறார்கள்.