சிதறால் மலையும், பத்து மணிக்கு நான் வைத்த கூட்டமும்

சிதறால் சமணக் கோயிலைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. ஏழு வருடங்களுக்கு முன்பு, அப்போது வேலை பார்த்த தனியார் நிறுவனத்துக்காகக் குலசேகரம் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். அடுத்த இருபது வருடங்களுக்கு அந்த வட்டாரத்தில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடம் போடும் திட்டம் அது. ஊர்க்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பது என் பொறுப்பு. அந்த ஊர் இப்போது எப்படி இருக்கிறதோ என்று கொஞ்ச நாளாகவே மனசை அரித்துக்கொண்டிருந்தது. ஜனவரி மூன்றாவது வாரம் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது, போய்விட்டேன்.

குழித்துறை ரயில் நிலையத்தில் காலை 6.40க்கு இறங்கினேன். மார்த்தாண்டத்தில் குளித்து, பழமும் புட்டும் சாப்பிட்டு (45 ரூபாய்), ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் வின்ஸ். சிதறால், அப்புறம் அந்தச் சிற்றூர், திரும்ப மார்த்தாண்டம், காத்திருப்பும் சேர்த்து 1,300 ரூபாய் கேட்டார். பேரம் பேச எனக்கு வராது. நீங்கள் பேசிப் பாருங்கள்.

சிதறால் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். மலைக்குக் கல் பாவிய பாதை; இருபது நிமிடம் என்றார்கள், நான் நின்று நின்று ஏறியதில் முப்பத்தைந்து ஆனது. பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களைப் பார்த்ததும் கால்வலி மறந்துபோனது. உச்சியிலிருந்து பார்த்தால் ஆறும் ரப்பர்த் தோட்டங்களும்தான். ஒரு வீடுகூடக் கண்ணில் படாது, எல்லாம் ஒரே பச்சை. நாங்களும் அந்த ஊரைச் செயற்கைக்கோள் படத்தில் இப்படித்தான் பார்த்தோம். பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் விவசாய நிலம் என்று குறித்தோம். தவறு இருந்தால் கூட்டத்தில் மக்கள் சொல்வார்கள் என்று நினைத்தோம்.

பதினொன்றேகாலுக்கு அருமனை வழியாகப் புறப்பட்டோம். "அங்க காண என்ன இருக்கு மேடம்?" என்றார் வின்ஸ். முன்பு அங்கே ஒரு கூட்டம் நடத்தினேன் என்றேன்.

"எத்தன மணிக்கு?"

"காலை பத்து மணிக்கு. புதன்கிழமை."

அவர் சிரித்தே விட்டார். "செரியா போச்சு! அந்நேரம் அங்க ஒரு ஈ காக்கா இருக்காதே. எல்லாவனும் பால் எடுக்கப் போயிருப்பான்."

பிறகு அவரே விளக்கினார். விடியுமுன் ரப்பர் மரத்தில் வெட்டுப் போட வேண்டும். பால் சொட்டி, மரத்தில் கட்டிய சிரட்டை, அதாவது கொட்டாங்குச்சி, நிறைய நேரமாகும். ஒன்பது, பத்து மணிக்கு ஒவ்வொரு மரமாகப் போய்ப் பாலை வாளியில் சேர்த்து, உறையுமுன் தட்டில் ஊற்றியாக வேண்டும். விட்டால் அன்றைய பாடு பாழ். ஊர் முழுக்கப் பால்வெட்டுக்காரர்கள் இருக்கும் இடத்தில், பத்து மணிக்குக் கூட்டம் வைத்த மகராசி நான். அன்று வந்தது மூன்று பேர். 'ஆட்சேபணை எதுவும் இல்லை' என்று அறிக்கையில் எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று பதினொன்றுக்கே வேலை முடிந்துவிட்டதென்று திற்பரப்பு அருவிக்குப் போய்க் குளித்தேன். அதை இதே வலைப்பூவில் குஷியாக எழுதியும் வைத்திருக்கிறேன். தயவுசெய்து தேடிப் படிக்காதீர்கள்.

ஊருக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. சமுதாயக் கூடத்தின் எதிரே வாளி கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "யாரத் தேடியீங்க?" என்று கேட்டார். பெயர் ரோஸ்லெட், ஐம்பது வயதிருக்கும். ஏழு வருடங்களுக்கு முன்பு இங்கே நடந்த கூட்டம் நினைவிருக்கிறதா என்றேன்.

"மறக்க முடியுமா? பாலத் தட்டுல ஊத்திட்டு, கைகூட கழுவாம ஓடி வந்தேன். பன்னண்டு மணி. கதவுல பூட்டு கெடந்துது."

கூடத்துக்குப் பின்னால் அழைத்துப்போய்க் காட்டினார். ஐந்து சென்ட் நிலம், கருங்கல் அஸ்திவாரம், அதற்குள் முழங்கால் உயரத்துக்குப் புல். அவரும் கணவரும் பால் வெட்டிச் சேர்த்து வாங்கிய இடம். அஸ்திவாரம் போட்டுவிட்டு வீடு கட்ட அனுமதி கேட்டால், வரைபடத்தில் விவசாய நிலம் என்று மனு திரும்பிவிட்டதாம். இன்றும் வாடகை வீடுதான்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்தியிருப்பாவளாம். ஆபீஸ்ல சொன்னாவ."

மாற்றியிருப்போம். வேறு ஊர்களில் மக்கள் வந்து சொன்னார்கள், மாற்றினோம். அந்தக் கூட்டத்தை நடத்தியது நான்தான் என்று சொன்னேன்.

ரோஸ்லெட் என் பக்கம் திரும்பினார். "ஏன் மேடம், எந்த நேரம் தோதுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நில வகையை மாற்றக் கேட்டு மனு கொடுக்க வழி உண்டு. அந்த அஸ்திவாரக் கல்லிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். "அப்பமே ஏன் சொல்லல்லன்னு கேப்பாவளே, என்ன எழுதுவியோ?" என்றார். கூட்டம் நடத்தியவர் ஊர்க்காரர்களின் வேலை நேரத்தை விசாரிக்கவில்லை என்று எழுதி, நடத்தியவர் நானே என்று என் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டேன். மனு போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் பதில் வரவில்லை.

போகிறவர்களுக்கு: சிதறாலுக்கு ஒன்பது மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள், பாறை சீக்கிரம் சுடும். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். தோட்ட ஊர்களில் யாரிடமாவது பேச வேண்டுமானால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். என்னைப் போலக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் அதே நேரம்தான்.

நான் எழுதிக்கொடுத்தது ஒரு வீட்டுக்கான மனு. அந்த வரைபடத்துப் பச்சைக்குள் இன்னும் எத்தனை அஸ்திவாரங்கள் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு வரத்தான் அன்று என்னை அனுப்பினார்கள்.