தட்டாமல் இருந்த கை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருநெல்வேலி பேட்டையில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கேயே ஒரு லேத் பட்டறையில் வேலை. நான் பள்ளிக்கூட ஆசிரியை. இது நடப்பதற்கு முந்தைய வருஷம் பிரசவத்துக்காக என் பிறந்த வீடான ஆழ்வார்திருநகரிக்குப் போயிருந்தேன். பெண் குழந்தை. உயிரில்லாமல் பிறந்தது. எனக்கு நினைவு திரும்புவதற்குள் அடக்கம்வரை எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தால் தாங்கமாட்டேன் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்களாம்.

பேட்டைக்குத் திரும்பிய பிறகு நாங்கள் சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. "தண்ணி வந்துட்டா?", "சாப்பிடுதியளா?" அவ்வளவுதான். நான் அழுதால் அவர் உடைந்துபோவார் என்று நான் அழவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்று நான் கேட்கவும் இல்லை.

பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி அதிகாரி, பட்டறைக்கு வந்துபோன பழக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு நண்பரானார். எங்கள் வயதுதான் இருக்கும். அங்கே கற்ற அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பாளையங்கோட்டையில் ஞாயிறு காலைகளில் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னாராம். அடிக்காமல், உதைக்காமல், பிடிக்க வருகிறவனின் வேகத்தை வைத்தே அவனைக் கீழே சாய்ப்பது. இவரும் சேர்கிறார் என்றதும் பட்டறையில், "செங்கல்லு எப்பம்வே உடைக்கப் போறீரு?" என்று கேலி செய்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு வீட்டில் இருக்க முடியாமல்தான் சேருகிறார் என்று எனக்குத் தோன்றியது. என்ன வேகமோ, "நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் மட்டும், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு நடக்கும். வைக்கோல் திணித்த சாக்குகளைப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கூடத்தில் பழைய சாம்பார் வாசனை. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சுடிதார் போட்டிருந்தேன். பெண்களில் நானும் அந்த அதிகாரியின் மனைவியும்தான். முதல் வாரம் விழுவதற்குத்தான் பழக்கினார்கள். விழுந்து எழுந்ததில் இடுப்பு இரண்டு நாள் வலித்தது.

அடுத்த வகுப்பில் மணிக்கட்டைத் திருப்பும் பிடி. வலி பொறுக்க முடியாமல் போனால் தரையில் தட்ட வேண்டும், தட்டியதும் பிடித்தவர் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு இவர்தான் ஜோடி. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் என் கையைத் தொட்டார். தொட்டாரே தவிர, பிடிக்கவில்லை.

"சார், சரியாப் பிடிங்க. இப்படிப் பிடிச்சா ரெண்டு பேருக்குமே ஒண்ணும் வராது" என்றார் அதிகாரி.

இவர் பிடித்துத் திருப்பினார். வலித்தது. நான் தட்டவில்லை. நான் தட்டுவேன் என்று என் முகத்தையே பார்த்தபடி இன்னும் கொஞ்சம் திருப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலில் சரிந்தேன். அதிகாரியின் மனைவி ஓடி வந்து இவர் கையை விலக்கினார்.

"ஏன்மா தட்டலை? நீங்க தட்டலைன்னா அவருக்கு எப்படித் தெரியும்?"

மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. இவர் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

திரும்பி வரும்போது ஆற்றுப்பாலம் தாண்டியதும் மொபெட்டை ஓரமாக நிறுத்தினார். கீழே தாமிரபரணியில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, அம்புட்டு வலியிலயும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க சங்கடப்படுவியளேன்னுதான்."

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதமும் எனக்குள் இருந்த கேள்வி அப்போது வெளியே வந்துவிட்டது. "பிள்ளைய எங்கன வச்சிய?"

என் பக்கம் திரும்பிச் சொன்னார். "உங்க ஊரு ஆத்தங்கரையில, வாழைத்தோட்டத்தை ஒட்டி. உங்க அண்ணன் பிள்ளைய வாங்க வந்தான். நான் குடுக்கல. நானேதான் கொண்டு போனேன்." பிறகு, "ஏட்டி, மூக்கு அப்படியே உன் மூக்கு" என்றார்.

ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்காமல் இருவரும் அழுதோம்.

மறு ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. பஸ் பிடித்து ஆழ்வார்திருநகரிக்குப் போனோம். வாழைத்தோட்டத்து வரப்பில் என்னை உட்காரவைத்து, என் மகளின் முடி, விரல்கள், நெற்றி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் அவளைப் பார்த்தேன்.

அய்கிடோவை ஒரு வருஷம்போலப் பழகினோம். அந்த அதிகாரிக்கு மாற்றல் வந்ததும் வகுப்பும் நின்றுபோனது. கற்றுக்கொண்ட பிடிகள் எல்லாம் மறந்துவிட்டன. வலிக்கிறது என்று ஒருவரிடம் சொல்வதற்கும் அவர்மேல் நம்பிக்கை வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் இன்றுவரை நான் மறக்கவில்லை.