மிளகாய் அரைக்கப் போன பஸ்

எங்கள் ஊர்க் கட்சித் தலைவரை எல்லாரும் சிறிசோம மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் தோற்றது அவர் கட்சி நிறுத்திய ஆள்தான். ஆனால் அன்று சந்தியில் நின்று அவர் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள், அவர் வீட்டுக் கூரையையே யாரோ பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"நாடு பூரா தோக்கட்டும், அது வேற விஷயம். நம்ம பள்ளிக்கூடத்து ஓட்டுப் பெட்டி எப்படி தோக்கும்? வீடு வீடா வந்து வெத்தில வச்சுக் கும்புட்டேனே! ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, மாத்தயா நீங்க கவலப்படாம போங்கன்னு பல்ல இளிச்சீங்களே!"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கடற்கரை மதிலோரமாகக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஜெயசீலியும் தலையைத் தூக்கவில்லை.

"சனிக்கிழமை பஸ் வரும். நம்ம கட்சிக் குடும்பம் ஒவ்வொண்ணுலேருந்தும் ஒரு ஆள் ஏறணும். பொம்பளைங்க வந்தாப் போதும். தெய்வத்துக்கிட்ட போறோம். மிளகாய் அரைக்கிறோம். வெத்தில வாங்கிட்டுக் கழுத்தறுத்தவன் வீட்டுல முதல்ல எது போகுதுன்னு பாப்போம்."

ஜெயசீலியின் கையிலிருந்த மீன் நழுவி மணலில் விழுந்தது. அவள் வீட்டில் போவதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். இருபத்து நான்கு வயது மகன் சமீர, நடுக்கடலில் இருந்தான்.

எங்கள் கரையில் திருட்டுப் போனால் போலீசுக்குப் போகிறவர்களைவிட மிளகாய் அரைக்கிற கோயிலுக்குப் போகிறவர்கள் அதிகம். அங்கே ஒரு அம்மி இருக்கிறது. காய்ந்த மிளகாயும் மிளகும் வைத்து அரைத்து, செய்தவன் யாரென்று உனக்குத் தெரியும், நீ பார்த்துக்கொள் என்று தெய்வத்திடம் சொல்லிவிட்டு வந்தால் போதும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. அரைத்த பிறகு யாருக்குக் கால் முறிந்தது, யாருடைய படகு கவிழ்ந்தது என்று ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். பாதி புளுகாகத்தான் இருக்கும். மீதிப் பாதி போதும், ஒரு தாயின் ஈரக்குலை நடுங்க.

வாக்குச் சீட்டை மடித்துப் போட்டால் மனிதர்களுக்குத் தெரியாது. அரசாங்கம் அதற்குத்தான் அட்டைத் தடுப்பு வைத்திருக்கிறது. தெய்வத்துக்கு எந்தத் தடுப்பை வைப்பது?

ஜெயசீலி கட்சி மாறக்கூடியவள் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனுக்குத்தான் உதை விழுந்திருக்கும். அவள் அப்பா கட்சி ஊர்வலத்தில் கொடி பிடித்தே தோள் சாய்ந்தவர். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது சாதகம் பொருந்தியது, சாதி பொருந்தியது, பையன் வீட்டுக் கட்சி எது என்று விசாரித்து அதுவும் பொருந்திய பிறகுதான் பெரியவர்கள் தேநீரையே குடித்தார்கள். அப்படி வந்து சேர்ந்தவன்தான் அமரதாச. போன ஜனாதிபதித் தேர்தலில் கட்சி ஜெயித்த காலையில் அவள் பெரிய பானையில் பாற்சோறு பொங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். தோற்ற கட்சிக்காரர் வீட்டு வாசலில் பட்டாசு கொளுத்தியவர்களிலும் அவள் இருந்தாள். அந்த வீட்டுக் கிழவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு சந்திவரை கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, நல்லவள்தான், ஆனால் கட்சி என்று வந்துவிட்டால் அவளுக்குத் தலை கால் புரியாது.

பிறகு எண்ணெய் இல்லாத காலம் வந்தது. அமரதாசவின் சின்னப் படகு மண்ணெண்ணெயில் ஓடுவது. படகு மணலில் கிடக்க, புருஷனும் பெண்சாதியும் மாற்றி மாற்றிக் கேனோடு வரிசையில் நின்றார்கள். அமரதாசவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட பிறகு ஜெயசீலி தனியாக நின்றாள். வெயிலில் நின்றாள், மழையில் நின்றாள், பக்கத்தில் நின்ற ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கிப்போன பிறகும் நின்றாள். அதுவரைகூட அவள் கட்சியைத் திட்டவில்லை. திட்டியவர்களோடு சண்டைக்குப் போனாள்.

ஒரு மத்தியானம் சிறிசோம மாத்தயாவின் வேன் வரிசையை ஒட்டி வந்தது. பின்னால் கேன்கள் அடுக்கியிருந்தன, நிரம்பிய கேன்கள். வேன் மெதுவானபோது ஜெயசீலி ஆசையோடு ஓடிப்போய், "மாத்தயா, ஒரே ஒரு கேன்" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். நன்றாக, அடையாளம் தெரிந்தே பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் விலைவாசி என்பார்கள், கடன் என்பார்கள், வெளிநாடு என்பார்கள். அதெல்லாம் உண்மையாக இருக்கட்டும். ஜெயசீலி கட்சி மாறியது அந்தக் கண்ணாடி மேலே ஏறிய நேரத்தில்தான். அவளுக்கே அது அப்போது தெரியாது. அவமானத்தில் காது சுட்டது மட்டும்தான் தெரிந்தது. கிழவரின் ஜன்னல் அன்று இரவு அவள் ஞாபகத்துக்கு வந்ததாம்.

படகின் எஞ்சினை விற்றுச் சாப்பிட்டார்கள். சமீர வேறு வழியில்லாமல், வாரக்கணக்கில் கடலில் தங்கும் சிறிசோம மாத்தயாவின் பெரிய போட்டில் வேலைக்கு ஏறினான். அதை ஓட்டுவது அவருடைய ஒரே மகன் நாலக. ஆகவே இந்தத் தேர்தலில் மாத்தயா வெற்றிலைக் கட்டோடு வந்து நின்றபோது ஜெயசீலி ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்? தடுப்புக்குப் பின்னால் போய்ப் பென்சிலை எடுத்தாள். பழக்கம் இழுத்த இடத்தில் போடாமல், அப்பா பார்த்திருந்தால் கையை வெட்டியிருக்கக்கூடிய இடத்தில் போட்டுவிட்டு வந்தாள். கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

சந்தியில் கூச்சல் நடந்த அன்று இரவு அவள் சோற்றைத் தொடவில்லை.

"சனிக்கிழம எனக்கு முடியாது போலிருக்கு. மேலு சுடுது. நீங்க போறீங்களா?" என்று அமரதாசவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"பொம்பளைங்கதானே போறீங்க? நான் எதுக்கு? முதுக நிமித்த முடியல." அவன் உற்சாகமாகத்தான் இருந்தான். "நல்லா அரைச்சுட்டு வா. நாம ஒழுங்காப் போட்டவங்க, நமக்கென்ன பயம்? எவனோ ஒரு நாய் போட்டிருக்கான் பாரு, அவன் குடும்பம் வெளங்கவே கூடாது."

"அப்படிச் சொல்லாதீங்க!"

"ஏன்டி கத்துற?"

"நம்ம புள்ள கடல்ல இருக்கான். வாயில நல்ல வார்த்தை வரட்டும்னு சொன்னேன்."

மறுநாள் மாத்தயா வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனாள். அவர் மனைவி ஹேமமாலி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பெரிய வீட்டுக்காரி, ஆனால் அதிர்ந்து பேசாதவள்.

"அக்கா, சமீரகிட்டேருந்து ரேடியோல ஏதாவது பேச்சு வந்துச்சா?"

"நாலக பேசி நாலஞ்சு நாளாச்சு. தூரத்துல இருப்பாங்க. காத்து வேற ஒரு மாதிரி இருக்காம்."

ஜெயசீலி திரும்பிக் கடல் பக்கம் பார்த்தாள். "அக்கா, எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு. சனிக்கிழம நான் வரலன்னா மாத்தயா தப்பா எடுத்துக்குவாரா?"

ஹேமமாலி துருவுவதை நிறுத்தினாள். முன்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வந்துடு. செத்தாலும் வந்துடு. வராதவங்க யாருன்னுதான் அவரு முதல்ல பாப்பாரு. போட்லேருந்து பையனை இறக்கிவிட்டா என்ன செய்வே?"

போகாவிட்டால் மாத்தயாவிடம் மாட்டுவாள். போய்க் கல்லைத் தொட்டால் பெற்ற மகனுக்கே சாபம் அரைப்பாள். சனிக்கிழமைவரை அவள் மனம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடியது. கடல் கொஞ்சம் இரைந்தாலும் வாசலுக்கு ஓடினாள். அடுப்பில் கறி தீய்ந்தது. அரசமரத்தடியில் விளக்கேற்றி வேண்டப் போனவள், என்னவென்று வேண்டுவது என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

பஸ்ஸில் யாரும் பாட்டுப் பாடவில்லை. கோயிலுக்குப் போகிற பஸ் அப்படி ஊமையாகப் போய் நான் கேள்விப்பட்டதே இல்லை. மாத்தயா முன் சீட்டில் மிளகாய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிக்கடி திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்வை தன் மேல் வந்தபோதெல்லாம் ஜெயசீலி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கோயில் பூசாரி ஒல்லியான ஆள், அவசரமே இல்லாதவர். மாத்தயாவிடம் விவரம் கேட்டார்.

"யார் செஞ்சாங்கன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா இங்க எதுக்கு வர்றேன்?"

"சரி. அரைக்கிறவங்க மனசுல சுத்தம் இருக்கணும். சாபம் யாரு வீடுன்னு பாக்காது, செஞ்சதத்தான் பாக்கும். செஞ்சவங்களே கல்லத் தொட்டா ரொம்பக் கெடுதல். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"எங்க ஆளுங்க எல்லாம் சுத்தம்தான், நீங்க ஆரம்பிங்க" என்றார் மாத்தயா. அப்படிச் சொல்லிவிட்டு மறுபடியும் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஆள் பிடிக்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் ஜெயசீலிக்கு உறைத்தது. கல்லைத் தொடப் பயப்படுகிறவள் யாரோ அவளே கள்ளி.

பூசாரி தெய்வத்தை அழைத்து முறையிடத் தொடங்கினார். முதல் கை மாத்தயா வீட்டுக் கை. ஹேமமாலி முழங்காலிட்டு, குழவியை இரண்டு கையாலும் பிடித்து, நிறுத்தி நிதானமாக அரைத்தாள். மிளகாய் நசுங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மாத்தயா பக்கத்திலேயே நின்று, "இன்னும் ஒரு தடவ" என்றார். இன்னும் ஒரு தடவை அரைத்தாள். பிறகு எழுந்து ஓரமாகப் போய்விட்டாள்.

அடுத்தவள் அரைத்தாள். அதற்கடுத்தவளும் அரைத்தாள். வரிசை நகர்ந்தது. நெடி ஏறி எல்லார் கண்ணிலும் தண்ணீர். அதனால் அழுகிறவள் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அது ஒரு உபகாரம்.

ஜெயசீலியின் முறை வந்தது. முழங்காலிட்டாள். குழவியைத் தொடக் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றுவிட்டது. சமீர சின்ன வயதில் மீசை வரைந்துகொண்டு அப்பா மாதிரி நடந்து காட்டியது, எதற்கென்றே தெரியாமல், அந்த நேரத்தில் கண்முன் வந்தது.

"என்ன?" என்றார் மாத்தயா, மெதுவாக. ரொம்ப மெதுவாக. "ஏன் நிறுத்திட்டே?"

"மாத்தயா, போதும். அரைக்க வேணாம்."

"ஏன்?"

"நான்தான்."

"எது நீதான்?"

"நான்தான் மாத்திப் போட்டேன். வெத்தில வாங்கிட்டு மாத்திப் போட்டேன். என்னை அடிங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க. கல்ல எடுத்துடுங்க. சமீர உங்க போட்லதான் இருக்கான், நாலகவும் அதே போட்லதான் இருக்கான். கடல்ல ஒண்ணுன்னா ஒருத்தனை மட்டும் எப்படி எடுக்கும் மாத்தயா?"

மாத்தயாவின் கை அடிக்கத்தான் ஓங்கியது. அவள் சொன்னதன் கடைசிப் பகுதி காதில் ஏறிய பிறகு, ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. குழவியைக் காலால் எட்டித் தள்ளினார். பிறகு தெய்வத்தின் கல்லைக் காலால் உதைத்துவிட்டோமே என்று பதறி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிளகாய்க் கை கண்ணில் பட்டுத் துடித்துப்போனார். யாரும் சிரிக்கவில்லை.

"நிறுத்தியாச்சு இல்ல? ஒண்ணும் ஆகாது இல்ல?" என்று பூசாரியிடம் கேட்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

"இவ தொடல. ஒத்துக்கிட்டா. இவளை விட்டுடும்." பூசாரி கல்லைக் கழுவத் தண்ணீர் எடுத்தார். "இதுவரைக்கும் அரைச்சது அரைச்சதுதான். அரைச்சவங்க சுத்தம்னா பயமில்ல."

"சுத்தம்தான்! சுத்தம்தான்!" என்றார் மாத்தயா.

திரும்பி வரும்போது ஜெயசீலியின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. சமீரவின் வேலை போகும், ஊர் ஒதுக்கும், அமரதாச வீட்டுக்குள் விடுவானோ மாட்டானோ. எல்லாம் வரட்டும். அவள் கை கல்லில் படவில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள்.

பாதி வழியில் ஹேமமாலி முன் சீட்டிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்ட வருகிறாள் என்றுதான் பஸ்ஸில் எல்லாரும் நினைத்தார்கள். ஜெயசீலியும் அப்படியே நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ஹேமமாலி உள்ளங்கைகளைப் பாவாடையில் தேய்த்தபடி இருந்தாள். தேய்த்துத் தேய்த்து அவை சிவந்திருந்தன.

"எரியுதா அக்கா?"

ஆமென்று ஹேமமாலி தலையசைத்தாள். பிறகு பஸ் இரைச்சலுக்குள், பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நானும் மாத்தித்தான் போட்டேன்."

ஜெயசீலியின் பார்வை அந்தக் கைகளுக்குப் போனது.

"ஐயோ அக்கா! நாலக அதே போட்ல... அப்புறம் ஏன் அரைச்சீங்க?"

"அவரு பக்கத்துல நின்னாரே" என்றாள் ஹேமமாலி.